கோதுமை மணி அளவு இரவு

மார்ச் கடைசி. தெருவேல் மேட்டுநிலத்தில்
சியெர்சோ காற்று தகரக் கூரையைப் பிடித்து
உலுக்கிக்கொண்டிருக்கிறது.
துப்பாக்கி என் கையில்.
பெயர்தான் துப்பாக்கி,
சுடுவது ஒரு கோதுமை மணியை.
லஹ்சேன் ஆட்டின் தலையைத் தொடையிடுக்கில் பிடிக்கிறான்.
நான் காதை மடக்கி
அடிமடலில் ஊசியை நுழைக்கிறேன்.
டிக்.
அடுத்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டைகள்.
பகல் நீள்வது அவற்றுக்குத் தெரியும்.
மூளையின் நடுவே
பட்டாணியைவிடச் சிறிய கணக்குப்பிள்ளை ஒருவன்
இரவுகளை அளந்து எழுதிவைக்கிறான்:
நேற்றைவிட மூன்று நிமிடம் குறைவு.
இன்றைக்கும் மூன்று.
இரவு குறையக் குறைய ஆசையும் குறையும்.
கிடா உரசிக்கொண்டு நின்றாலும்
வாலை ஒடுக்கிக்கொண்டு மேயும்.

அந்தப் பேரேட்டில்தான்
பொய் எழுதுகிறோம்.
டிக். இரவு நீண்டுவிட்டது, தாயே.
டிக். ஓக் இலை உதிர்கிறது.
டிக். அக்டோபர், நம்பு.

லஹ்சேன் கெனிஃப்ராவுக்கு மேலே, அட்லஸ் மலைக்காரன்.
"எங்கள் ஊரில் சினை கிடாவின் இஷ்டம்,
குட்டி பிழைப்பது மழையின் இஷ்டம்" என்றான்.
இங்கே யார் இஷ்டம் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
ஸரகோஸாவின் கிறிஸ்துமஸ் மேசை.
அக்டோபரில் பிறந்து டிசம்பரில் தட்டுக்கு வரவேண்டும்,
உரித்த எடை பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போகாமல்.

நாற்பது நாள் கிடாக்களை விலக்கிவைக்க வேண்டும்.
பெட்டைகள் பார்க்கக் கூடாது, முகரக் கூடாது,
குரல்கூடக் கேட்கக் கூடாது.
ஏழையும் அடுத்த பள்ளத்தாக்கில்
பெனில்டேயின் கொட்டிலில் கட்டினோம்.
மூன்றாம் நாளே தொலைபேசினாள்:
"கதவை முட்டி முட்டி என் தூக்கத்தைக் கெடுக்கின்றன."

தூக்கம் எனக்கும் இல்லை.
மாதக் கணக்கு நின்றுபோய் இரண்டு வருஷம்.
விடிகாலை மூன்றுக்கு
வியர்வையில் நனைந்து எழுந்துகொள்கிறேன்.
மருந்துக்கடைக்காரர் ஒரு டப்பா கொடுத்தார்.
கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தேன்:
மெலடோனின், ஒன்று புள்ளி ஒன்பது மில்லிகிராம்.
செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போய்
அந்த டப்பாவையும் எடுத்து வந்தேன்:
மெலடோனின், பதினெட்டு.
சமையலறை மேசையில் இரண்டும் அருகருகே.
குளிர்பெட்டி உறுமி அடங்கி
மறுபடி உறுமும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒரே சொல்.
அவள் காதில் அது சொல்வது:
எழுந்திரு, குளிர் வரப்போகிறது, கிடா எங்கே என்று பார்.
என்னிடம்:
விளக்கை அணை, ஒரோசியா, படு.
மாத்திரையை விழுங்கினேன்.
அன்று தூங்கினேனா, நினைவில்லை.

மே நடுவில் கிடாக்களைத் திறந்துவிட்டோம்.
நெஞ்சில் நீலச் சாயக்கட்டி கட்டிய ஏழு மாப்பிள்ளைகள்.
முதல் வாரம் ஒன்றுமில்லை.
கடன்காரன் முகம் கண்ணில் வந்து போனது.
பிறகு ஒரு காலையில் பத்து முதுகு நீலம்.
மறுநாள் முப்பது.
பாப்பிப் பூக்களுக்கு நடுவே, வெயிலில்,
ஒரு மந்தை முழுக்க இலையுதிர்காலம்.

துப்பாக்கியைக் கழுவிவைக்கும்போதுதான்
மிச்சத்தை எண்ணினேன்.
பதின்மூன்று மணி மிஞ்சவேண்டும்.
பதினான்கு இருந்தது.
யாரோ ஒருத்திக்கு நாங்கள் பொய் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றான் லஹ்சேன்,
"காற்றில் கூரைத் தகடு விழுந்ததே, அப்போது
நழுவி ஓடினாள் ஒருத்தி."
எண்ணைப் பார்த்தாயா?
உதட்டைப் பிதுக்கினான்.
பிறகு அந்தப் பதினான்காவது மணியை
உள்ளங்கையில் உருட்டி,
"உங்கள் காதுக்குப் போட்டுவிடட்டுமா?"
இருவரும் சிரித்தோம்.
அவன் போன பிறகு காது மடலைத் தொட்டுப்பார்த்தேன்.

இப்போது ஜூன்.
பதினோரு முதுகுகள் மட்டும் வெள்ளை.
அவள் அந்தப் பதினொன்றில் ஒருத்தியா,
இல்லை, மற்றவர்கள் வாசனையில் கிறங்கி
தானும் நீலமாகிவிட்டாளா?
மாலையில் பட்டியடைக்கும்போது
ஒவ்வொருத்தி காதையும் தடவிப் பார்க்கிறேன்.
மணியெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது.
கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை,
கதகதப்பைத் தவிர.